இலஞ்சிக்காரருக்கு எத்தனை எம்.பி.?

கேள்வி: ஐயா, சொந்த ஊர் இலஞ்சி. குற்றாலம் மெயின் அருவிக்குப் போகும் வழியில் சீசன் கடை வைத்திருக்கிறேன். எங்கள் எம்.பி. டாக்டர் ராணி ஸ்ரீகுமார் என்பது தெரியும். வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவன் நான். ஆனால் கமல்ஹாசனும் எம்.பி., நம்ம நெல்லைப் பக்கத்து இன்பதுரையும் எம்.பி. என்கிறார்கள். இவர்களுக்கு நாங்கள் எப்போது ஓட்டுப் போட்டோம்? குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் என் மகள், “மாநிலங்களவைக்குத் தலைவர் துணைக் குடியரசுத் தலைவர், ஆனால் அவர் அந்த அவையில் உறுப்பினரே இல்லை” என்கிறாள். அது எப்படி? இரண்டு அவைகளில் எது பெரிது? எங்களுக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. அருவிக்கரையில் பெண்கள் உடை மாற்ற நல்ல அறைகள் வேண்டும். தென்காசி வழியாகக் கூடுதல் ரயில் வேண்டும். மனுவை யாரிடம் கொடுப்பது?
— வாசகர், இலஞ்சி

பதில்: இரு அவைகளுக்குமே ஓட்டுப் போட்டிருக்கிறீர்கள். ராணி ஸ்ரீகுமாருக்கான தேர்தலில் 2024 ஏப்ரல் 19 அன்று நேராக வாக்களித்தீர்கள். கமல்ஹாசன், இன்பதுரை விஷயத்தில் உங்கள் பங்கு 2021 ஏப்ரல் 6 அன்றே முடிந்துவிட்டது. அன்று நீங்கள் தேர்ந்தெடுத்தது தென்காசி எம்.எல்.ஏ.வை. மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த எம்.எல்.ஏ.வுக்கு.

தமிழ்நாட்டுக்கு மாநிலங்களவையில் 18 இடங்கள். பதினெட்டும் ஒரே நாளில் காலியாவதில்லை. ஆறு ஆறாக மூன்று தவணைகளில் காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்கள் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒருவர் வெல்ல 34 பேரின் ஆதரவு வேண்டும். 2025 ஜூனில் ஆறு இடங்களுக்கு ஆறு பேர்தான் களத்தில் இருந்தார்கள். அதனால் வாக்குப்பதிவே நடக்கவில்லை. தி.மு.க. சார்பில் பி.வில்சன், எஸ்.ஆர்.சிவலிங்கம், கவிஞர் சல்மா, அந்தக் கூட்டணியில் மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன், அ.தி.மு.க. சார்பில் ஐ.எஸ்.இன்பதுரை, ம.தனபால் ஆகிய ஆறு பேரும் போட்டியின்றித் தேர்வானார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு. 2031 ஜூலை வரை இருப்பார்கள்.

எம்.எல்.ஏ. தேர்தலைத் தெருவிளக்கு, குடிநீர் விஷயம் என்று நினைப்பவர்கள் தென்காசியின் 2021 முடிவை நினைத்துப் பார்க்கட்டும். காங்கிரசின் எஸ்.பழனி நாடார் 370 வாக்குகளில் வென்றார். வழக்கு நடந்து 2023இல் தபால் வாக்குகளை மறுபடி எண்ணும் வரை போனது அது. நாலு தெருக்காரர்கள் அன்று வீட்டில் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். டெல்லி மேலவைக்கு, அதாவது மாநிலங்களவைக்கு, யார் போவது என்ற கணக்கிலும் ஒரு எண் இடம் மாறியிருக்கும்.

உங்கள் மக்களவைத் தொகுதியின் எல்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் குழம்புவது இங்கேதான். தென்காசி மாவட்டம் 2019இல் பிறந்தது. தொகுதி 1957 முதலே இருக்கிறது. இரண்டின் எல்லையும் ஒன்றல்ல. தென்காசி, கடையநல்லூர், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் இவற்றோடு விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்ததுதான் தென்காசி மக்களவைத் தொகுதி. உங்கள் மாவட்டத்து ஆலங்குளம் திருநெல்வேலித் தொகுதியில் இருக்கிறது. ஆலங்குளத்தில் இருக்கும் உங்கள் உறவினருக்கு எம்.பி. காங்கிரசின் ராபர்ட் புரூஸ், உங்களுக்கு தி.மு.க.வின் ராணி ஸ்ரீகுமார். மாநிலங்களவையின் 18 பேருக்கு இந்த வேலியெல்லாம் கிடையாது. அவர்கள் தமிழ்நாடு முழுமைக்கும் உறுப்பினர்கள்.

தென்காசியின் மக்களவை வரலாற்றில் ஒரு பெயரை விட முடியாது. மு.அருணாசலம் 1977 முதல் 1996 வரை நடந்த ஆறு தேர்தல்களிலும் தொடர்ந்து வென்றவர்; ஐந்து முறை காங்கிரஸ், ஆறாவது முறை தமிழ் மாநில காங்கிரஸ். மத்திய அமைச்சராகவும் இருந்தார். அவருக்குப் பிறகு அ.தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட், தி.மு.க. என்று தொகுதி கை மாறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு அவைகளையும் பார்த்தவர் உங்கள் மாவட்டத்திலேயே ஒருவர் இருக்கிறார். கலிங்கப்பட்டி வைகோ. 1978 முதல் 1996 வரை மூன்று முறை மாநிலங்களவை. 1998, 1999 தேர்தல்களில் சிவகாசியில் வென்று மக்களவை. 2019 முதல் 2025 ஜூலை வரை மறுபடி மாநிலங்களவை. எந்த அவை பெரிது என்ற உங்கள் கேள்விக்கும் அவர் வாழ்க்கையை வைத்தே பதில் சொல்லலாம்.

2002இல் வாஜ்பாய் அரசு பயங்கரவாதத் தடுப்புக்கான பொடா சட்ட மசோதாவைக் கொண்டு வந்தது. மார்ச் 18இல் மக்களவை நிறைவேற்றியது. மூன்று நாள் கழித்து மாநிலங்களவை அதைத் தோற்கடித்தது. அங்கே ஆளும் கூட்டணிக்குப் பெரும்பான்மை இல்லை. இப்படி முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று அரசமைப்புச் சட்டத்தின் 108ஆவது பிரிவு சொல்கிறது: இரு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து வாக்களிக்கலாம். மக்களவைக்கு 543 இடம், மாநிலங்களவைக்கு 245. ஒன்றாக உட்கார்ந்தால் எந்தப் பக்கம் தட்டு இறங்கும் என்பதை உங்கள் மகளே சொல்லிவிடுவாள். மார்ச் 26 கூட்டுக் கூட்டத்தில் 425க்கு 296 என்று பொடா நிறைவேறியது. வைகோவின் ம.தி.மு.க. அப்போது ஆளும் கூட்டணியில் இருந்தது. சட்டம் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. விடுதலைப் புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசினார் என்று அதே பொடாவில் ஜெயலலிதா அரசு ஜூலையில் வைகோவைக் கைது செய்தது. மக்களவை உறுப்பினராக இருந்தபடியே வேலூர் சிறையில் பத்தொன்பது மாதம் இருந்தார். மேலவை ஒரு மசோதாவைத் தடுத்தது சரியா தவறா என்று யாராவது பொதுவாகக் கேட்டால், எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும்.

அப்படியானால் மக்களவைதான் பெரிதா? பணத்திலும் ஆட்சியிலும் ஆம். பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும். அது சொல்லும் திருத்தத்தை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். அமைச்சரவையைக் கவிழ்க்கும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் மக்களவையில் மட்டும்தான். ஆனால் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்துவதில் இரண்டும் சமம்; அதற்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது, மேலவை மறுத்தால் மறுத்ததுதான். மாநிலப் பட்டியலில் உள்ள ஒரு விஷயத்தில் தேச நலன் கருதி நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டுமென்றால், மாநிலங்களவைதான் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு கதவைத் திறந்துவிட வேண்டும். மக்களவை எத்தனை பலமாக இருந்தாலும் அந்தக் கதவு அதன் கையில் இல்லை. மாநில உரிமை பேசும் தமிழ்நாட்டுக் கட்சிகள் மேலவை இடத்தைத் தோற்றவருக்கும் கூட்டணிக்காரருக்கும் ஆறுதல் பரிசாகக் கொடுப்பது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

இனி தலைவர்கள். உங்கள் மகள் சொன்னது சரி. துணைக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவையின் உறுப்பினர் அல்லர். ஆனால் அந்த அவைக்குத் தலைமை ஏற்பது அவர் பதவியோடு ஒட்டிய வேலை. அவர் வாங்கும் சம்பளமே மாநிலங்களவைத் தலைவர் என்ற முறையில்தான். 2025 ஜூலையில் ஜகதீப் தன்கர் திடீரென்று விலகியதும், செப்டம்பர் 9 தேர்தலில் திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் 452 வாக்குகள் பெற்று வந்தார். இரு அவை உறுப்பினர்களும் இந்தத் தேர்தலில் வாக்களிப்பார்கள், நியமன உறுப்பினர்களும் உட்பட. உங்கள் தொகுதியின் ராணி ஸ்ரீகுமாருக்கும் நியமன உறுப்பினரான இளையராஜாவுக்கும் ஆளுக்கு ஒரே வாக்கு. குடியரசுத் தலைவர் தேர்தல் என்றால் இளையராஜாவுக்கு வாக்கு இல்லை. தேர்வில் அடிக்கடி கேட்கப்படும் இடம் இது, மகளிடம் சொல்லுங்கள்.

மக்களவை சபாநாயகர் அப்படி வெளியிலிருந்து வருபவர் அல்லர். உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 முதல் ஓம் பிர்லா. அவரும் சரி, மாநிலங்களவைத் தலைவரும் சரி, இரு பக்கமும் சமமாக வாக்கு விழுந்தால் மட்டுமே தம் வாக்கைப் போடலாம். நாற்காலியில் உட்கார்ந்து அவையை நடத்துபவர்கள் இவர்கள். கீழே ஆளுங்கட்சி வரிசையில் முதலில் இருப்பவர் அவை முன்னவர். மக்களவையில் பிரதமர் மோடி, மாநிலங்களவையில் 2024 ஜூன் முதல் ஜே.பி.நட்டா. எதிரே எதிர்க்கட்சித் தலைவர். மக்களவையில் அந்த நாற்காலி 2014 முதல் பத்து ஆண்டு காலியாகக் கிடந்தது. அவையில் பத்தில் ஒரு பங்கு இடம் கொண்ட எதிர்க்கட்சி எதுவும் இல்லை. 2024இல் காங்கிரஸ் 99 இடம் வென்ற பிறகு ராகுல் காந்தி அதில் உட்கார்ந்தார்.

சபாநாயகருக்கு ‘வானளாவிய அதிகாரம்’ உண்டு என்ற பேச்சைத் தமிழ்நாட்டில் பிரபலமாக்கியவர் நம் நெல்லைச் சீமைக்காரரான பி.எச்.பாண்டியன். சட்டமன்றச் சபாநாயகராக அவர் இருந்தபோது, 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விடுதலை செய்ய வேண்டியதாயிற்று. வானத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்று நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு நாற்காலி மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மக்களவைத் துணை சபாநாயகர். கடைசியாக அதில் இருந்தவர் நம் தம்பிதுரை, 2019 வரை. அடுத்து வந்த 17ஆவது மக்களவை தன் ஐந்தாண்டையும் துணை சபாநாயகர் இல்லாமலே முடித்தது. இதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. 18ஆவது மக்களவை கூடி ஓராண்டு போன பிறகும் அதே கதைதான். அலங்காரப் பதவிதானே என்று நினைக்காதீர்கள். மேலே சொன்ன 2002 கூட்டுக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சபாநாயகர் பாலயோகி அந்த மாதம் 3ஆம் தேதி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டார். கூட்டத்துக்குத் தலைமை ஏற்றவர் துணை சபாநாயகர் பி.எம்.சயீத். கூடிய விரைவில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 93ஆவது பிரிவு சொல்வதை ஆண்டுக் கணக்கில் தள்ளிப்போடுவது அரசின் தவறு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி உங்கள் மனு. அருவிக்கரை உடை மாற்றும் அறைக்கு முதலில் போக வேண்டிய இடம் டெல்லி அல்ல, குற்றாலம் பேரூராட்சி அலுவலகம், அடுத்து எம்.எல்.ஏ. அங்கே பணம் இல்லை என்றால்தான் எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி. ஓர் எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வராது. அவர் பரிந்துரைப்பார், ஆட்சியர் நிர்வாகம் ஒப்புதல் தந்து செலவு செய்யும். மக்களவை உறுப்பினர் தன் தொகுதிக்குள் பரிந்துரைக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன மாநிலங்களவை உறுப்பினர் மாநிலத்தில் எந்த மாவட்டத்துக்கும் பரிந்துரைக்கலாம். நியமன உறுப்பினருக்கு நாடு முழுவதும் திறந்திருக்கிறது. ஆக, இன்பதுரையிடமும் கமல்ஹாசனிடமும் குற்றாலத்துக்குக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ராணி ஸ்ரீகுமாரிடம் ஆறு சட்டமன்றத் தொகுதிக்காரர்களும் வரிசையில் நிற்பார்கள். மேலவைக்காரர்களிடம் நம் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் குறைவு என்பது என் கணிப்பு.

ரயிலுக்கு நிதி வேண்டாம், குரல் வேண்டும். தென்காசி, செங்கோட்டை நிலையங்கள் மதுரைக் கோட்டத்தில் வருபவை. தெற்கு ரயில்வே பொது மேலாளர் மதுரையில் எம்.பி.க்களோடு நடத்தும் கூட்டத்துக்கு இரு அவை உறுப்பினர்களும் வருவார்கள். அவையில் கேள்வியாகக் கேட்டால் அமைச்சகம் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். அந்தப் பதில் பதிவேட்டில் நிற்கும், அடுத்த முறை அதையே காட்டிக் கேட்கலாம். மனுவில் “ரயில் வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ரயில், எந்தக் கிழமை, சீசன் மாதங்களில் எத்தனை பேர் இடம் கிடைக்காமல் திரும்புகிறார்கள் என்று வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்து கணக்கெடுத்து எழுதுங்கள். ஒரு பிரதியை ராணி ஸ்ரீகுமாருக்கும் ஒரு பிரதியை மாநிலங்களவை உறுப்பினர் ஒருவருக்கும் விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.