தெரியாக்கிச் சோறு: சொல்லும் செயலும்

பெயர்கள் இடுகுறிப் பெயரென்றும் காரணப் பெயரென்றும் இருவகைப்படும் என்பது இலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்ததே. அப்பாகுபாட்டிற்கு அடுக்களையிலும் வேலை உண்டு என்பதைச் சென்ற விடுமுறையில் யாம் விலைமிக்க மீன்துண்டு ஒன்றை இழந்து கற்றோம். கற்றதனை ஈண்டு எழுதுவாம்.

யாம் சமைக்கப் புகுந்தது ஜப்பானியர் இல்லங்களில் வழங்கும் ‘தெரியாக்கி’ என்னும் உணவு. இச்சொல் தமிழ்ச் செவிக்குத் ‘தெரியுமாறு ஆக்கியது’ என்பதுபோல் ஒலிப்பினும் தமிழோடு யாதொரு தொடர்பும் உடையதன்று. ஜப்பானிய மொழியில் ‘தெரி’ என்பது பளபளப்பு. ‘யாக்கி’ என்பது நெருப்பில் வாட்டுதல். ஆகவே இது காரணப் பெயராம். இங்ஙனம் வாட்டிய மீனைச் சோற்றின்மேல் இட்டு, ‘தொன்புரி’ எனப்படும் ஆழ்ந்த கிண்ணத்திற் பரிமாறுவர். கிண்ணத்தின் பெயரே அதிலுள்ள உணவிற்கும் ஆகிவருதலின், நம் இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர்.

இம்முறைக்கு ஜப்பானில் நெடுங்காலமாக ஏற்றதெனக் கொள்ளப்பட்டது ‘புரி’ என்னும் கடல்மீன். சால்மனைப் பண்டு பெரும்பாலும் உப்பிட்டுப் பதப்படுத்தியே உண்டனர். ஆயினும் கொழுப்பு மிக்க மீனாதலின், சால்மனும் இதற்கு நன்கு பொருந்தும்.

இருவர்க்கு வேண்டுவன வருமாறு: தோலுடன் கூடிய சால்மன் துண்டு 2, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 150 கிராம், குட்டையான ஜப்பானிய அரிசி 200 கிராம், சோயாச் சாறு, ‘மிரின்’ என்னும் இனிய அரிசி மது, ‘சாகே’ என்னும் அரிசி மது ஆகியவை ஒவ்வொன்றும் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி. மதுவை விலக்கும் இல்லத்தார், அவ்விரண்டிற்கும் ஈடாக நீர் 3 மேசைக்கரண்டியும் சர்க்கரை இன்னும் 1 மேசைக்கரண்டியும் சேர்ப்பாராக. எம் வீட்டில் அங்ஙனமே செய்தோம். மணம் சிறிது குறையுமேயன்றிப் பளபளப்பிற்குக் குறைவில்லை.

இவற்றுள் தலையாயது சோயாச் சாறே. சோயாப் பயற்றையும் கோதுமையையும் ஒருவகைப் பூஞ்சணத்தாற் பக்குவப்படுத்தி, உப்புநீரிற் பல திங்கள் புளிக்கவிட்டுப் பிழிந்தெடுப்பது அது. 1908ஆம் ஆண்டில் இக்கெதா கிக்குனே என்னும் ஜப்பானிய அறிஞர் கடற்பாசியினின்று குளுட்டமேட்டுப் பொருளைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். அச்சுவை சோயாச் சாற்றிலும் நிறைந்துள்ளது. உப்பும் அதில் மிகுதியாதலின், சோற்றில் உப்பிடலாகாது.

இனி எமது பிழையைக் கூறுவாம். சாறு எவ்வளவுக்கு முன்னதாகச் சேர்கின்றதோ அவ்வளவுக்குச் சுவை மிகும் என்று எண்ணி, முதல் துண்டைச் சாற்றில் தோய்த்து அப்படியே பெருந்தீயில் இட்டோம். இரண்டு நிமிடத்திற் சர்க்கரை தீய்ந்தது. புறம் கரியாயிற்று, அகம் பச்சையாகவே இருந்தது. எஞ்சிய துண்டு அன்னையாருக்குரியது. அவர் கடிந்துகொள்ளவில்லை. “அந்தப் பெயருக்குப் பொருள் என்ன?” என்று வினவினார். கூறினோம். “அப்படியானால், வாட்டாத மீனுக்கு முதலிலேயே பளபளப்பை ஏன் பூசினாய்?” என்று சொல்லித் தம் துண்டை எம்மிடம் நீட்டினார்.

அதன்பின் செய்த முறை இது. அரிசியை மூன்று நான்கு முறை கழுவி, அரைமணி ஊறவிட்டு வடித்து, முகத்தல் அளவில் ஒன்றேகால் மடங்கு நீர்விட்டு மூடி, கொதி வந்தபின் சிறுதீயிற் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்து, இறக்கிப் பத்து நிமிடம் திறவாது வைத்தோம். மீனின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, கோதுமை மாவை மெல்லெனத் தூவினோம். சாறு பற்றுதற்கு அம்மாவே துணை. தட்டையான சட்டியிற் சிறிது எண்ணெய் காய்ந்ததும், தோற்பக்கத்தை நான்கு நிமிடமும் மறுபக்கத்தை இரண்டு மூன்று நிமிடமும் நடுத்தரத் தீயில் வாட்டினோம். மீனினின்று கசிந்த எண்ணெயைத் துடைத்து நீக்கிய பின்னரே, ஒரு துண்டிற்கேற்பப் பாதியளவு சாற்றை ஊற்றினோம். அது பெருங்குமிழிகளாய்க் கொதித்துச் சுண்டுகையில், கரண்டியால் மொண்டு மொண்டு மீன்மேல் வார்த்தோம். ஒரு நிமிடத்திற்குள் மீன் மெருகிட்ட மரம்போல் ஒளிர்ந்தது, உடனே இறக்கினோம். சர்க்கரையும் சோயாவிலுள்ள அமினோ அமிலங்களும் வெப்பத்திற் கூடிப் பழுப்பு நிறமும் நறுமணமும் தருகின்றன. இவ்வினையை 1912இல் விளக்கியவர் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர். அதுவே சிறிது மிஞ்சினாற் கரி.

துண்டு ஒன்று, கிண்ணம் இரண்டு. மீனைப் பகுத்துச் சோற்றின்மேல் இட்டு, எஞ்சிய சாற்றை வார்த்து, வறுத்த எள்ளும் அரிந்த வெங்காயத்தாளும் தூவி இருவரும் உண்டோம்.

‘தெரியாக்கி’ என்னும் சொல்லிற் பளபளப்பு முன்னும் வாட்டுதல் பின்னும் நிற்கின்றன. அடுப்பிலோ வாட்டுதல் முன், பளபளப்பு பின். சொல்லின் பொருளை அறிந்திருந்தும் செயலின் முறையை அறியாமையால் யாம் ஒரு துண்டை இழந்தோம். தேர்வுக்கெனப் பொருள் மனனம் செய்யும் எம்போலியர்க்கு இஃது அடுக்களை மட்டும் தந்த பாடமன்று.