மின்சாரம் நின்றபின் எத்தனை மணி நேரம்?
மழைக்காலத்திற்கு நோயாளியின் இல்லத்தை ஆயத்தப்படுத்துதல்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். இக்காலத்தில் புயலும் பெருமழையும் மின்தடையும் வருவது புதிதன்று. நலமுடையோர் மட்டுமே வாழும் வீட்டில் மின்தடை ஒரு சிறு தொல்லை. மின்விசிறி சுழலாது, அவ்வளவே. ஆக்சிஜன் கருவியோ இன்சுலினோ காற்றுப் படுக்கையோ உள்ள வீட்டில் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் கணக்கு உண்டு. எந்தப் பொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முன்னரே அறிந்த வீட்டார், இருட்டிலும் பதற்றமின்றி முடிவெடுப்பர். அக்கணக்கைப் போடும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

நம் ஊரும் புயலும்

திருச்சி கடற்கரை நகரன்று. ஆகவே புயல் நம்மைத் தீண்டாது என்று கருதுவோர் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவைக் கடந்து உள்நாட்டிலும் வீசி, மணப்பாறை வட்டாரம் வரை சேதம் விளைவித்தது. புயல் பாதித்த மாவட்டங்களில் லட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. சிற்றூர்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் நம் நகரில் வெள்ளம் புகுந்ததை மூத்தோர் அறிவர்.

ஒரு தாளில் மூன்று பத்திகள்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதற்பத்தியில், நோயாளிக்காக மின்சாரத்தை நம்பியிருக்கும் ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். இரண்டாவதில், மின்சாரமின்றி அது தாங்கும் நேரம். மூன்றாவதில், அந்நேரம் தீர்ந்தபின் செய்ய வேண்டியது. நீரேற்றும் மோட்டார், மின்தூக்கி, கைப்பேசி ஆகியவற்றையும் மறவாதீர்கள்.

ஆக்சிஜன் பெறுவோர்

வீட்டில் பயன்படுத்தும் 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் மின்சாரம் கொள்ளும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்றுடைய இன்வெர்ட்டர், வேறெதுவும் ஓடாவிடில், அதனை 3 முதல் 4 மணி நேரம் இயக்கக்கூடும். பேட்டரி பழையதாயின் இன்னும் குறையும். ஆகவே மாற்றுச் சிலிண்டர் ஒன்று கட்டாயம் தேவை.

சிலிண்டரின் கணக்கு எளிது. நிரம்பிய ‘பி’ வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்திற்கு 2 லிட்டர் பெறும் நோயாளிக்கு 1,500ஐ 2ஆல் வகுத்தால் 750 நிமிடம். அதாவது பன்னிரண்டரை மணி நேரம். 4 லிட்டர் பெறுவோர்க்கு அதிற்பாதி. பாதுகாப்புக்காக முன்னதைப் பத்து மணி நேரம் என்றும், பின்னதை ஐந்து மணி நேரம் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் இருந்தும் அதைத் திறக்கும் சாவி இல்லாவிடில் பயனில்லை. சாவி, ரெகுலேட்டர், குழாய் மூன்றையும் பகலிலேயே ஒருமுறை பொருத்திப் பாருங்கள். நீடித்து வரவேண்டும் என்று மருத்துவர் கூறிய அளவை நீங்களே குறைக்காதீர்கள். நெபுலைசர் பயன்படுத்துவோர், அதற்கு மாற்றாக இன்ஹேலரையும் ஸ்பேசரையும் கையாளும் முறையை இப்போதே கேட்டறிக.

இன்சுலின் பயன்படுத்துவோர்

மூடியே இருக்கும் குளிர்சாதனப் பெட்டி ஏறத்தாழ 4 மணி நேரம் குளிர் காக்கும். பெட்டியை அடிக்கடி திறவாதீர்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பநிலையில் கெடாது. உங்கள் மருந்துக்குரிய கால அளவை உறையினுள் உள்ள தாளில் காண்க. ஆகவே மின்சாரம் நின்றது என்பதற்காக மருந்தை எறியவும் வேண்டா, ஊசியை நிறுத்தவும் வேண்டா. வெளியே எடுத்த தேதியைக் குப்பியின்மீது எழுதினால் போதும்.

பிளாஸ்டிக் உறையிலிட்ட குப்பியை ஈர மணலோ நீரோ உள்ள மண்பானையில் வைப்பது நன்று. மழைநாளின் ஈரக்காற்றில் பானை கோடையிற்போல் குளிராது. எனினும் வெயிலிலிருந்தும் அடுப்பனலிலிருந்தும் காக்கும். பனிக்கட்டியின்மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. உணவு கிடைக்காத வேளையில், உணவுக்கு முன் போடும் ஊசியை மருத்துவரைக் கேளாது போட்டுக்கொள்ளலாகாது. சர்க்கரை அபாயகரமாகத் தாழும்.

டயாலிசிஸ் செய்துகொள்வோர்

புயல் எச்சரிக்கை வந்தவுடன் டயாலிசிஸ் பிரிவை அழைத்து, முறையை முன்கூட்டியே வைக்க இயலுமா என்று கேளுங்கள். மழைநாளில் அண்டை வீட்டார் அன்போடு இளநீரும் வாழைப்பழமும் தருவர். இரண்டிலும் பொட்டாசியம் மிகுதி. டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாளில் அவை இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். நீரின் அளவிலும் கட்டுப்பாடு தளரலாகாது.

படுக்கையில் இருப்போர்

காற்றுப் படுக்கை மின்சாரமின்றித் தளர்ந்துவிடும். இரவிலும் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை நோயாளியைப் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இப்பணியை வீட்டார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். சளி உறிஞ்சும் கருவி உள்ள வீட்டில், காலால் மிதித்து இயக்கும் கருவி ஒன்றும் இருப்பது நலம்.

நெருப்பும் புகையும்

கார்த்திகை தீபம் இப்பருவத்திலேயே வருகிறது. அகல்விளக்கு, ஊதுவத்தி, மெழுகுவத்தி எதுவாயினும் ஆக்சிஜனிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி இருக்கட்டும். நோயாளியின் அறைக்கு டார்ச் விளக்கே உகந்தது. சிலிண்டரின் திருகிலும் மூக்குக் குழாயிலும் எண்ணெய் படலாகாது.

ஜெனரேட்டரை வீட்டினுள்ளும் மாடிப்படிக்கு அடியிலும் இயக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் இல்லை. 1998 ஜனவரியில் கனடாவின் மொன்ரியால் வட்டாரத்தை உறைபனி மழை தாக்கி, மின்சாரம் பல நாள் நின்றபோது, இவ்வாயுவால் உயிரிழந்தோரும் உண்டு.

எப்போது புறப்படுவது?

கணக்கிட்ட நேரத்தில் பாதி கழிந்தும் மின்சாரம் வராவிடில் புறப்படுங்கள். பத்து மணி நேரச் சிலிண்டர் என்றால் ஐந்தாவது மணியிலேயே 108ஐ அழையுங்கள். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவு. பெருவெள்ளத்தில் பாலங்களில் போக்குவரத்து தடைபடக்கூடும். பயன்பாட்டில் இல்லாதிருந்த பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் சரிந்ததை நாம் கண்டோம். ஆகவே தீவினுள் வாழ்வோர், அக்கரையில் உள்ள மருத்துவமனை ஒன்றையும் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையையும் தாளின் மூன்றாம் பத்தியில் எழுதுங்கள். அடுக்ககத்தின் மேல்மாடியில் இருப்போர், மின்தூக்கி இயங்கும்போதே நோயாளியைக் கீழ்த்தள உறவினர் அல்லது அயலார் வீட்டிற்கு மாற்றுவது நன்று. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ மயக்கமோ தோன்றினால் எந்தக் கணக்கையும் பாராது உடனே 108ஐ அழையுங்கள்.

இந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை

1. இரண்டு வாரத்திற்கான மாத்திரைகளை வாங்கிவையுங்கள்.
2. மருத்துவச் சுருக்கத்தின் நகலையும் மருந்துச் சீட்டையும் பிளாஸ்டிக் உறையிலிடுங்கள்.
3. குடிநீரைக் காய்ச்சி மூடிய பாத்திரத்தில் நிரப்புங்கள்.
4. மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர் உதவி 1077, ஆம்புலன்ஸ் 108 ஆகிய எண்களைச் சுவரில் ஒட்டுங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மூன்று பத்தித் தாளை மறவாது கொண்டுவாருங்கள். செவிலியருடன் அமர்ந்து கணக்கைச் சரிபார்ப்போம், விடுபட்டவற்றைச் சேர்ப்போம்.