முன்னால் ஓர் அக்கா போனால் பின்னால் பத்துப் பெண்கள் வருவார்கள்



பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ நல்ல மதிப்பெண் பெற்ற பெண்பிள்ளை அடுத்த ஆண்டே வீட்டோடு நின்றுவிடுவதை நம் மஹல்லாக்களில் பார்க்கிறோம். வறுமை ஒரு காரணம். கல்லூரி தூரம், துணைக்கு ஆள் இல்லை, எந்தப் படிப்புக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்ல வீட்டில் படித்தவர் இல்லை என்பவையும் காரணங்களே. இவற்றைத் தீர்க்கப் பெரிய நிதி தேவையில்லை. வழிகாட்ட ஒரு பெண் தேவை.

இதற்கு நம் மார்க்க வரலாற்றிலேயே முன்மாதிரி உண்டு. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) எழுதப் படிக்கத் தெரிந்த ஸஹாபிப் பெண்மணி. அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவரே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இதை அறிந்திருந்தார்கள். இன்னும் கற்றுக்கொடுக்கவே சொன்னார்கள். பிற்காலத்தில், தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பொறுப்பில்தான் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுக்க அவற்றை அங்கிருந்துதான் பெற்றார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கற்றுக்கொடுப்பது சிறிய காரியம் அல்ல.

இரண்டாவது முன்மாதிரி நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இருக்கிறது. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் சொன்னார்கள். கேலி பேசியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். சைக்கிள் கற்று, பிறகு மற்றப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த நம் சமுதாய இளம்பெண்களையும் அவர் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அவர் எழுதியது வடமாநிலப் பிள்ளைகளின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம்பெற்றது.

அந்த முயற்சியில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன.

ஒன்று, கற்றுக்கொண்டவளே அடுத்து கற்றுக்கொடுத்தாள். வெளியூர் நிபுணரை எதிர்பார்த்து யாரும் காத்திருக்கவில்லை.

இரண்டு, தனியாக அல்ல, கூட்டமாகச் செய்தார்கள். ஒருத்தி போனால் ஊர் பேசும். நூறு பேர் போனால் ஊர் பழகிவிடும்.

மூன்று, கற்றது அன்றாடம் பயன்பட்டது. தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் பஸ்ஸுக்கோ ஆண்துணைக்கோ காத்திருக்கும் நிலை குறைந்தது. பலன் கண்ட குடும்பங்களில் எதிர்ப்பும் தணிந்தது.

இதே முறையை நம் மஹல்லாவில் எப்படிச் செய்யலாம்?

கல்லூரியில் படிக்கும் அல்லது படித்து முடித்த ஒரு பெண், ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் ஐந்து பிள்ளைகளைப் பொறுப்பேற்கட்டும். வாரம் ஒருமுறை மதரஸாவிலோ ஒரு வீட்டிலோ கூடினால் போதும். முதல் வேலை சான்றிதழ்கள். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட பிரிவினருக்குப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம் என்ற முறையில் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007 முதல் உள்ளது. சாதிச் சான்று கையில் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் கேட்க முடியாது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியில் சேர்ந்தால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022-இல் தொடங்கிய இத்திட்டம், பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதை அறியாத குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வதே பெரும் உதவி.

அடுத்தது பொறுப்புப் பழக்கம். வரவு செலவு எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பது, நாலு பேர் முன்னால் பேசுவது ஆகியவற்றைப் பிள்ளைகளிடமே முறைவைத்து ஒப்படைக்க வேண்டும். தலைமைப் பண்பு இப்படிச் செய்து பழகித்தான் வரும். கூடமாட இருந்து பார்ப்பது அக்காவின் வேலை. அவளுக்காகச் செய்துவிடுவது அல்ல.

பெற்றோருக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் சேர்ந்து போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அத்தாமார்களின் பயத்தில் பாதி அதிலேயே தீரும். நிக்காஹ் பேசும்போதும், படிப்பு முடியட்டும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கல்வி தேடுவது முஸ்லிமான ஒவ்வொருவர் மீதும் கடமை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அந்தக் கடமையை நம் பெண்மக்கள் நிறைவேற்ற வழி செய்வது நம்மீதுள்ள கடமை. இந்தக் கல்வியாண்டில் உங்கள் தெருவில் பொறுப்பேற்கக்கூடிய அக்கா யார், உதவி தேவைப்படும் ஐந்து பிள்ளைகள் யார் என்று வீட்டில் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். அல்லாஹ் நம் முயற்சிகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.