கம்ப்யூட்டரில் ஆண்டாள்: கிளி எந்தக் கையில்?

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பெயிண்ட் புரோகிராமைத் திறந்து இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஒரு வீடு வரையாதவர் யார்? அதற்கு அடுத்த படி, போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் உருவத்தை வரைவது. இப்படிப் பார்த்து வரைய உதவும் படங்களை ரெபரன்ஸ் இமேஜ் என்பார்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். சாப்ட்வேர் வேலையில் சேர்ந்த பிறகு ஒரு ஆடிப்பூரத்துக்கு ஊருக்குப் போகும்போது, பாட்டிக்குக் கொடுக்க ஆண்டாள் படம் வரைந்தேன். இணையத்தில் கிடைத்த ஒரே ஓவியத்தைப் பார்த்து மூன்று இரவு உழைப்பு. பிரிண்ட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்த பாட்டி, "நல்லாத்தான் இருக்கு. கிளி ஏப்பா வலது கையில இருக்கு?" என்றார்.

நம் ஊர் ஆண்டாளுக்குக் கிளி இடது கையில். நான் இறக்கிய படமோ இடவலம் மாறிய படம். இதை உடனே சரிசெய்தேன். ஆனால் பாட்டி விடவில்லை. "இது தோப்புல பறக்கிற கிளி. நம்ம கிளி இலையில செஞ்சதுல்ல?" உண்மைதான். கோயிலில் தினமும் புதிதாகச் செய்யப்படும் கிளிக்கு உடல் பச்சை இலை, அலகு மாதுளம்பூ. நான் வரைந்ததோ இறகு இறகாக ஒரு நிஜக் கிளி! பிறந்து வளர்ந்த ஊரின் அடையாளத்தையே கவனிக்காமல் விட்டிருந்தேன்.

அன்று கற்றது இது: ஒரே படத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு படத்திடமும் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்.

எதற்கு எந்தப் படம்?

அடையாளம்: பக்கவாட்டில் சாய்ந்த கொண்டை, மாலை, கிளி. இவற்றுக்கு ஒன்றுக்கு மூன்று படங்களை ஒப்பிடுங்கள். படத்தில் எழுத்து இருந்து, அது தலைகீழ் இடவலமாகத் தெரிந்தால் படம் திருப்பப்பட்டது. நம்மைப் பார்த்து நிற்பவரின் இடது கை, திரையில் நமக்கு வலப்பக்கம் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கை: அக்காவைச் சன்னல் ஓரம் நிற்கவைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து செல்போனில் படம் எடுத்தேன். புடவை மடிப்புக்கும் அதே படம் உதவியது.

வெளிச்சமும் நிழலும்: கோயில் தூண்களில் உள்ள ரதி, மன்மதன் போன்ற நாயக்கர் காலச் சிலைகளைப் பாருங்கள். கல்லில் பல வண்ணம் இல்லாததால் எங்கே வெளிச்சம், எங்கே நிழல் என்பது எளிதில் புரியும்.

கிரிட்டாவில் செய்யும் முறை

கிரிட்டா ஓவியத்துக்கென்றே உள்ள புரோகிராம். அதன் அதிகாரபூர்வ இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

1. பைல் மெனுவில் நியூ கிளிக் செய்யுங்கள். ஏ4 தாளில் பிரிண்ட் எடுக்க அகலம் 2480, உயரம் 3508 பிக்சல் எனக் கொடுங்கள். இது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கு.

2. டூல் பாக்ஸில் குத்தூசி போலிருக்கும் ரெபரன்ஸ் இமேஜஸ் டூலைத் தேர்ந்தெடுங்கள். டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து படங்களைச் சேர்த்து, தாளுக்கு வெளியே ஓரமாக நகர்த்தி வையுங்கள். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து சாச்சுரேஷன் அளவைப் பூஜ்யம் ஆக்கினால் அது கறுப்பு வெள்ளையாகும். நிழலைக் கவனிக்க இது நல்ல வழி.

3. இன்சர்ட் கீயை அழுத்தினால் புதிய லேயர் வரும். மேல் லேயரில் கோட்டோவியம். அதன் கீழே முகம், புடவை, கிளி ஒவ்வொன்றுக்கும் தனி லேயர். பிரஷ்ஷுக்கு பி கீ. கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி படத்தில் கிளிக் செய்தால் அந்த இடத்து வண்ணம் பிரஷ்ஷுக்கு வந்துவிடும்.

4. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்து, எல்லாவற்றுக்கும் அதே பக்கத்தில் வெளிச்சம் கொடுங்கள். முகத்துக்கு இடப்பக்கம், கிளிக்கு வலப்பக்கம் என்றால் ஒட்டுப்போட்டது போலிருக்கும்.

5. அவ்வப்போது எம் கீயை அழுத்துங்கள். படம் இடவலம் மாறித் தெரியும். கோணிய கண், சாய்ந்த தோள் உடனே கண்ணில் படும். மீண்டும் எம் அழுத்தினால் பழைய நிலை. இது பார்வைக்கு மட்டும்தான். படத்தையே திருப்ப வேண்டுமானால் இமேஜ் மெனுவில் மிரர் இமேஜ் ஹாரிசான்டலி உள்ளது. என் கிளி கை மாறியது இதனால்தான்.

6. அடிக்கடி சேவ் செய்யுங்கள். கிரிட்டாவின் சொந்த பைல் வகையில் சேவ் செய்தால் லேயர்கள் அப்படியே இருக்கும். பிரிண்ட்டுக்கு பிஎன்ஜி பைலாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடுத்தவர் ஓவியத்தைப் பார்த்துப் பழகலாம். அதையே அச்சாக வரைந்து நம் பெயரைப் போடுவது முறையல்ல.

இலைக்கிளியுடன் திருத்திய படத்தை அடுத்த ஆடிப்பூரத்துக்குக் கொண்டுபோனேன். பாட்டி முதலில் பார்த்தது கிளியைத்தான். பிறகு பேசாமல் எழுந்து போய்ப் பூஜை அலமாரியில் வைத்தார். உங்கள் ஊர்க் கோயிலிலும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும். வரையத் தொடங்குமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.