அடைப்பை நாமே எடுப்போம், ஆளைத் தொட்டிக்குள் இறக்க மாட்டோம்



போன மழைக்காலத்தில் நம் குழுச் சகோதரி ஒருவர் இரண்டு கூட்டமாக வரவில்லை. விசாரிக்கப் போனோம். கழிப்பறையில் ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலே ஏறி நின்றது. "தொட்டி நெறஞ்சு போச்சு, ஆளைக் கூட்டிட்டு வந்து உள்ள இறக்கணும்" என்று அவர் கணவர் ஆள் தேடிப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று சொல்லி, பீங்கானுக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள சிறிய சேம்பர் மூடியைத் திறந்தோம். கையுறை போட்டு, வெளியில் நின்றபடியே மூங்கில் பிளாச்சை விட்டு இழுத்தோம். உப்பிப்போன நாப்கின்கள் வந்தன. அரை மணியில் தண்ணீர் மடமடவென்று இறங்கிவிட்டது. தொட்டி நிறையவே இல்லை!

"எம் பொண்ணு வெளிய போட வெட்கப்பட்டு உள்ள போட்டுட்டா. எனக்குத் தெரியும்க்கா, அவங்கப்பாகிட்ட சொல்லத்தான் வாய் வரலை" என்று அந்தச் சகோதரி அழுதார். சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தைக்காக ஓர் உயிர் தொட்டிக்குள் இறங்கியிருக்கும். அதனால்தான் இந்த மாதம் இந்தப் பாடம்.

அடைப்பு எங்கே?

முதலில் இதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

• ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அடைப்பு அந்த இடத்துக் குழாயில்தான்.
• எல்லா இடத்திலும் நின்றால் சேம்பரைப் பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். நிரம்பியிருந்தால் அதற்கு அப்பால் உள்ள குழாயில், அல்லது தொட்டி நிறைந்துவிட்டது.

ஏன் அடைக்கிறது?

சமையலறையில் எண்ணெய், சோற்றுப் பருக்கை, டீத்தூள், தேங்காய் நார். சூடாக ஊற்றும் எண்ணெய் குழாய்க்குள் ஆறி உறைந்து ஒட்டிக்கொள்ளும். மற்றதெல்லாம் அதன்மேல் படியும். குளியலறையில் தலைமுடியும் சோப்பும். கழிப்பறையில் நாப்கின், குழந்தைகளின் டயப்பர், துணி. நாப்கினும் டயப்பரும் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு உப்பும், கரையவே கரையாது.

எப்படி எடுப்பது?

1. ஜல்லடையைக் கழற்றி, கையுறை அல்லது பிளாஸ்டிக் பை மாட்டிய கையால் முடி, நார் எல்லாவற்றையும் எடுங்கள். பாதி அடைப்பு இதிலேயே போய்விடும்.

2. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் சோப்புத்தூள் கலந்த வெந்நீர் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும்.

3. ரப்பர் கப் வைத்து அழுத்துங்கள். கப் மூழ்கும் அளவு தண்ணீர் நிற்க வேண்டும். சிங்க்கின் மேல் ஓட்டை இருந்தால் ஈரத்துணியால் அடைத்துவிட்டு, பத்துப் பதினைந்து முறை விடாமல் அழுத்தி இழுங்கள்.

4. சிங்க்குக்கு அடியில் கிண்ணம் போல ஒரு பாகம் இருக்கும். கீழே வாளி வைத்து, கையால் திருகிக் கழற்றிக் கழுவி மாட்டுங்கள்.

5. இதிலும் போகாவிட்டால் சேம்பரிலிருந்து மூங்கில் பிளாச்சு விடுங்கள். மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள். தலையை உள்ளே நீட்டக் கூடாது. பக்கத்தில் தீக்குச்சி, பீடி கூடவே கூடாது. முடிந்ததும் கை கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம் சகோதரிகளே. ஆசிட்டுக்கு முடியும் நாப்கினும் கரையாது. அடைத்த தண்ணீரில் ஆசிட் நின்று, கப் வைத்து அழுத்தும்போது முகத்தில் தெறிக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தால் குளோரின் என்ற விஷவாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆளையே கொல்லும்.

தொட்டி நிஜமாகவே நிறைந்திருந்தால்?

உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். வராவிட்டால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இரட்டைக் குழிக் கழிப்பறை என்றால் நிறைந்த குழியின் வழியை அடைத்து, அடுத்த குழிக்கு மாற்றிவிடுங்கள்.

ஆளை மட்டும் இறக்காதீர்கள். தொட்டிக்குள் இருக்கும் விஷவாயு ஒரு மூச்சிலேயே ஆளை மயக்கிச் சாய்த்துவிடும். நாற்றம் தெரியவில்லை என்று நம்பக் கூடாது. வாயு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாமல் போகும். தூக்கப் போகிறவரும் உள்ளேயே விழுந்துவிடுவார்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. 2013-ஆம் வருடச் சட்டப்படி, பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வைத்தால், முதல் முறையே 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கூறியது. ஆனால் எந்தப் பணத்தாலும் போன உயிரைத் திருப்ப முடியாது. அந்த வீட்டிலும் நம்மைப் போல ஒரு பெண்தான் காத்திருக்கிறாள்.

வராமல் தடுக்க

• எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.
• ஜல்லடையை வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.
• நாப்கினைத் தாளில் சுற்றி, மேலே சிவப்புக் குறி போட்டு, தனியாகத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். கழிப்பறையில் மூடி போட்ட ஒரு சிறு டப்பா வையுங்கள். வயதுக்கு வந்த பெண்ணிடம் அம்மாதான் முதலில் இதைப் பேச வேண்டும்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வீடுகளில் கடைசியாக எங்கே அடைத்தது? காரணம் என்ன?
2. ஒரு ரப்பர் கப், ஒரு மூங்கில் பிளாச்சு, இரண்டு ஜோடிக் கையுறை. குழுவுக்குப் பொதுவாக வாங்கி யார் வீட்டில் வைக்கலாம்?
3. "எங்கள் வீட்டுத் தொட்டியில் ஆளை இறக்க மாட்டோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோமா?

எங்கள் குழு எழுதிவிட்டது. உங்கள் குழு?