எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் போதுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. ஆறு வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தது. ஒரு மாதமாக நடுமுதுகில் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறார்கள். தைலம் தேய்த்துப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தைலத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முதுகுவலி பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். ஆனால், புற்றுநோய் வந்துபோனவருக்குப் புதிதாக வரும் வலியை அப்படி எண்ணி விட்டுவிடக் கூடாது. மார்பகப் புற்று பல ஆண்டுகள் கழித்தும் எலும்பில் தலைகாட்டும்.

எக்ஸ்ரேயை நம்ப வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எலும்பின் தாது ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் அதில் மாற்றம் தெரியும். இந்த வாரமே புற்றுநோய் மருத்துவரைப் பார்த்து, எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். முதுகுத்தண்டு முழுவதற்கும் எடுப்பது நல்லது. வலிக்கும் இடத்துக்கு மட்டும் எடுத்தால் வேறோர் இடத்துக் கட்டி தப்பிவிடலாம். அம்மா லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட்டவரா? மறக்காமல் சொல்லுங்கள். அது எலும்பை மெலியவைக்கும். அதனால் வந்த முறிவாகவும் இருக்கலாம்.

படுத்தால் வலி கூடுகிறதா, இரவில் தூக்கத்தைக் கலைக்கிறதா என்று அம்மாவிடமே கேளுங்கள். கால் தளர்ந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். தண்டுவடம் நசுங்கினால், நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கியவர்களுக்குத்தான் நடை தங்கும் வாய்ப்பு அதிகம். ஸ்கேன் முடிவு வரும்வரை முதுகை நீவவோ, மிதிக்கவோ யாரையும் விடாதீர்கள்.