வூ ஸலே, வூ ஸலியே

அன்புத் தம்பிக்கு,

மாமல்லபுரத்தில் பிரெஞ்சு பேசும் கைடாக வர ஆசை, ஆனால் 'சப்ஜங்டிவ்' பாடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மூடாதே. உன் வேலைக்கு முதலில் வேண்டியதே அதுதான்.

ஒரு கைடு நாள் முழுக்கச் சொல்வதென்ன? "வெயில் ஏறுமுன் ஐந்து ரதத்துக்குப் போய்விட வேண்டும்." "ஆலம்பரைக் கோட்டைக்கும் நீங்கள் போக வேண்டும். 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்த கோட்டை அது." இப்படி விருப்பமோ கட்டாயமோ பேச்சில் கலந்தால், பிரெஞ்சில் வினையின் உருவமே மாறிவிடும். சப்ஜங்டிவ் காட்டுவது காலத்தை அல்ல, பேசுபவரின் மனத்தை.

'போ' என்பதற்கான 'அலே' வினையையே எடுத்துக்கொள். நீங்கள் போகிறீர்கள்: 'வூ ஸலே'. நீங்கள் போக வேண்டும்: 'இல் ஃபோ க வூ ஸலியே'. நடுவே ஒரு யகரம் நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை விழுங்கினாலும் பயணிக்கு விஷயம் புரியும். காதுக்கு மட்டும் உறுத்தும். வாய்விட்டுச் சொல்லிப் பழகு.

நான், நீ, அவன், அவர்கள் நால்வருக்கும் ஒலி ஒன்றே: 'ஆய்'. எழுதும்போதுதான் ஈறு பார்க்க வேண்டும். நாம் என்றால் 'அலியோன்', நீங்கள் என்றால் 'அலியே'.

ஒழுங்கான வினைகளில், 'அவர்கள்' வடிவத்தின் ஈற்றை நீக்கினால் அடிச்சொல் கிடைத்துவிடும். 'அலே'யில் 'அவர்கள்' வடிவம் 'வோன்'. அதிலிருந்து 'ஆய்' பிறக்காது. லத்தீனில் தனித்தனியாக இருந்த வினைகள் பிரெஞ்சில் ஒன்றாகக் கலந்ததன் விளைவு இது. நிகழ்கால 'வா' வந்தது 'வாதெரே'யிலிருந்து, எதிர்கால 'இரா' வந்தது 'ஈரே'யிலிருந்து. அன்றாடம் புழங்கும் வினைகள்தான் இப்படி முரண்டுபிடிக்கும். நம் 'வா'வும் வந்தான், வருவான் என்று மாறுகிறதே.

ஐயமும் அச்சமும் மகிழ்ச்சியும்கூட சப்ஜங்டிவைக் கேட்கும். நீ போவது உறுதியான செய்தியாகவே இருக்கட்டும், "நீ போவதில் எனக்கு மகிழ்ச்சி" என்றால் 'து ஆய்'தான். "அவன் போகிறான் என்று நினைக்கிறேன்" என்றால் 'இல் வா'. "நினைக்கவில்லை" என்றால் 'இல் ஆய்'. பலர் சறுக்கும் இடம் 'எஸ்பெரே', அதாவது நம்புவது. விருப்பம்போலத் தோன்றினாலும் "நம்புகிறேன்" என்பதற்குப் பின் சப்ஜங்டிவ் வராது. 'முன்' என்னும் 'அவான் க' அதைக் கேட்கும். 'பின்' என்னும் 'அப்ரே க' கேட்காது, ஏனென்றால் பின் என்னும்போது காரியம் நடந்து முடிந்திருக்கும்.

இது கைவந்ததும் 'செய்' என்பதற்கான 'ஃபேர்' வினைக்குப் போ. அது ஆறு இடத்திலும் 'ஃபாஸ்' என்ற ஒரே அடியில் நிற்கும்.

அன்புடன்,
மாமா